கினுயே ஏற்றிவிட்ட வயது

தொச்சிசவாவில் பிறந்த ஆண்பிள்ளை எவனும் உயிரோடு இருக்கும்வரை கினுயேயிடம்தான் தலையைக் குனிய வேண்டும். செத்த பிறகும் அவள் விடமாட்டாள். மலைமேல் நாற்பது வீடுகள் இருக்கிற ஊரில் முடிவெட்டும் கடை ஒன்றே ஒன்று. அப்பாவுக்குக் கை நடுங்கத் தொடங்கியதும் கத்தியை எடுத்தவள், எழுபத்தெட்டு வயதிலும் அதைக் கீழே வைக்கவில்லை. ஊரில் யாராவது கண்ணை மூடினால் முதல் சேதி கோயிலுக்குப் போகும், அடுத்தது கினுயேவுக்கு வரும். வடக்கே தலைவைத்துக் கிடத்தியிருக்கும் பிணத்தின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, நுரை போட்டு, வழவழவென்று சவரம் செய்துவிட்டு வருவாள். வாயை மூடிக்கொண்டு செய்வாளா? மாட்டாள். "ஆடாத கிழவா, போன மாசம் நீ ஆடித்தான் காதுல கீறல் விழுந்துச்சு" என்று பிணத்தோடு சண்டை பிடிப்பாள். அழுதுகொண்டிருக்கும் மருமகள்கள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடுவார்கள். சிரிக்கத்தான் ஓடுகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும்.

இப்படிப்பட்டவளுக்குச் சாவைப் பற்றிய பயம் எங்கிருந்து வரும்? ஊர் எதைச் செய்யாதே என்கிறதோ அதைத் தேடிப்போய்ச் செய்வாள். பிணம்தான் வடக்கே தலைவைக்கும் என்பார்கள். காற்று அந்தப் பக்கமிருந்துதான் வருகிறது என்று கினுயே வடக்கேதான் படுப்பாள். இருட்டிய பிறகு நகம் வெட்டினால் பெற்றவர்கள் சாகும்போது பக்கத்தில் இருக்கக் கொடுத்துவைக்காது என்பார்கள். பகலெல்லாம் கடையில் நிற்பவள் வேறு எப்போது வெட்டுவாள்? அவளுடைய அப்பாவும் அம்மாவும் அவள் மடியில்தான் உயிரை விட்டார்கள். சிறுமியாக இருந்தபோது, பிணத்துக்குக் கட்டுவதுபோல் கிமோனோவை வலம் இடம் மாற்றிக் கட்டிக்கொண்டு கோடைத் திருவிழாவுக்குப் போய், மிட்டாய்க்காரியை அலறவைத்து, அவள் போட்டுவிட்டு ஓடிய மிட்டாயைத் தின்றுவிட்டு வந்தவள் அவள். அவளை அடித்துத் திருத்தப் பார்த்து அவள் அம்மாவுக்குத்தான் கை வலித்தது.

அவளுக்குப் புருஷனாக வாய்த்தவன் தோகுஜி. சாவுக்கு அவனைப்போல் பயந்த ஆளை அந்த மலை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. மரமில்லில் வேலை பார்த்தவன், ஆளும் நல்ல உயரம், கரடி வந்தாலும் தடியோடு முன்னால் நிற்பான். ஆனால் சவ வண்டி போனால் ஒடுங்கிவிடுவான். சவ வண்டி கண்ணில் பட்டால் இரண்டு கட்டைவிரலையும் உள்ளங்கைக்குள் மறைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பெற்றவர்களுக்கு ஆகாது. ஒருநாள் இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு வந்துகொண்டிருந்தபோது வண்டி எதிரே வந்துவிட்டது. விரலை மறைக்க வழியில்லை. வீட்டுக்கு வந்து காய்ச்சலில் படுத்தவன் ஒரு வாரம் எழுந்திருக்கவில்லை. அவன் அம்மா மேற்கொண்டு இருபது வருஷம் கல்லுக்குண்டாட்டம் இருந்து, மருமகளோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் போனாள்.

அந்த மல்லுக்கட்டு கல்யாணத்துக்கு முன்பே தொடங்கிவிட்டது. தோகுஜியும் கினுயேவும் ஒரே வருஷம் பிறந்தவர்கள், ஒரே வகுப்பு. வகுப்பில் ஆரம்பித்த 'டா' கல்யாணத்துக்குப் பிறகும் அவள் வாயிலிருந்து போகவில்லை. ஆனால் மாமியார்க்காரிக்கு 'டா' பெரிய குறையாகப் படவில்லை. ஒரே வயது என்பதுதான் பெரிய குறை. ஒரே வருஷம் பிறந்தவர்களில் ஒருவர் போனால், துணைக்கு இன்னொருவரை இழுத்துக்கொண்டு போவார் என்பது தொச்சிசவாவின் நம்பிக்கை. "நீ முன்னாடி போனா என் புள்ளையையும் இழுத்துட்டுப் போயிருவியே" என்று பெண் பார்க்க வந்த இடத்திலேயே கேட்டாள். "போற வழியில அவன் மூட்ட வேற சுமக்கணுமா நானு?" என்றாள் கினுயே. எப்படியோ கல்யாணம் நடந்தது. பிள்ளை இல்லை. அதைப்பற்றி இரண்டு பேரும் கொஞ்ச காலம் வருத்தப்பட்டார்கள், பிறகு சண்டை போடவே நேரம் சரியாக இருந்தது.

ஒத்த வயதுக்காரன் இழுப்பதற்கு ஊரில் மாற்று இருந்தது. சாவுச்சேதி காதில் விழுவதற்கு முன்பே, ஒட்டரிசியை அவித்து உரலில் இடித்த மோச்சியில் இரண்டு உருண்டை எடுத்து, வீட்டில் ஒருவர் பின்னாலிருந்து வந்து ஆளின் இரண்டு காதிலும் அப்ப வேண்டும். "நல்லது கேளு, கெட்டது கேக்காத" என்று சொல்லி, அந்த உருண்டைகளை ஆற்றில் எறிந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டும். அதன் பிறகு இன்னொரு மோச்சியை வாயால் தின்ன வேண்டும். புத்தாண்டு மோச்சி தின்றால் ஊருக்கே ஒரு வயது கூடும் என்று எண்ணிய காலத்து வழக்கம் அது. நடுவருஷத்தில் தனியாகத் தின்றால் தின்றவனுக்கு மட்டும் ஒரு வயது ஏறிவிடும். செத்தவன் வந்து "என் வயசுக்காரன் எங்கே?" என்று தேடினால், "அது நானில்லையப்பா, நான் உனக்கு மூத்தவன்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். சாவை ஏமாற்ற இதைவிடச் சல்லிசான வழி உலகத்தில் இருந்தால் சொல்லுங்கள்.

அந்த வகுப்பில் படித்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். ஒவ்வொரு தடவையும் சேதி முதலில் வந்து சேரும் கினுயே தோகுஜியின் காதில் அப்புவாள், பிறகு இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு மோச்சி தின்று, ஒன்றாகவே வயது ஏறினார்கள். கினுயே தின்றது மோச்சி ருசிக்காக. "வெறும் அரிசிடா, இதுக்குப் போய் எமன் ஏமாறுவானா?" என்பாள். தோகுஜி உடனே ஊர்க்காரன் சாஹேயின் கதையை எடுப்பான். சாஹேயும் இப்படித்தான் சிரித்தான், காதை அடைக்கவில்லை, மோச்சி தின்னவில்லை, அவன் வயசுக்காரனான மீன்கடைக்காரன் போன அதே வாரம் சீமைப்பனிச்சைப் பழ மரத்திலிருந்து விழுந்து செத்தான். "அழுகுன கிளையில ஏறுனா எவனும்தான் விழுவான்" என்பாள் கினுயே. "அழுகுன கிளையில அவன ஏற வெச்சது யாரு?" என்பான் அவன். இந்தச் சண்டையில் தோற்றதாக அவள் ஒருநாளும் ஒத்துக்கொண்டது கிடையாது.

இந்த வருஷம் மழைக்காலத்தில் கினுயேவுக்கு வயிற்றில் ஒரு வலி வந்தது. கத்திக்குச் சாணைக்கல் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கீழே நகரத்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். உள்ளே ஒரு கட்டி இருந்தது. ஓபோன் பண்டிகை முடிந்ததும் அறுத்துவிடலாம், ஆனால் இந்த வயதில் எப்படியும் ஆகலாம் என்று டாக்டர் சுற்றிவளைக்காமல் சொன்னார். இளம் டாக்டர். அவர் பிடரியில் முடி கோணலாக வெட்டியிருந்தது. அதைத்தான் கினுயே பஸ்ஸில் திரும்பிவரும்போது வெகுநேரம் நினைத்துக்கொண்டு வந்தாள். சாகப்போவது அவளுக்கு அவ்வளவு பெரிய விஷயமாகப் படவில்லை. எத்தனை பேருக்குச் சவரம் செய்து அனுப்பியிருக்கிறாள்! பாதி மலை ஏறிய பிறகுதான் தோகுஜியின் ஞாபகம் வந்தது.

அவள் போய்விட்டால் அவன் காதில் யார் மோச்சி அப்புவார்கள்? மற்ற சாவுச்சேதி போல அவனுக்குத் தெரியாமல் வைக்க முடியுமா? தலைமாட்டில் உட்கார வேண்டியவனே அவன். ஒத்த வயசுக்காரி போயிருக்கிறாள், நம்மை இழுக்கிறாள் என்று ஒரு தடவை தோன்றிவிட்டால் போதும், சோற்றைத் தள்ளிவைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுவான். வாளியைத் தூக்கிக்கொண்டு வந்ததற்கே ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தவன். உண்மையைச் சொல்லி, "இப்பவே ஒரு மோச்சி தின்னுடா" என்றால், தின்பதற்கு முன்பே விழுந்துவிடுவான். அவள் நம்புகிறாளா இல்லையா என்பது இங்கே முக்கியமில்லை. நம்புகிறவன் அவன், சாகப்போகிறவனும் அவனாகிவிடக்கூடாது. எப்படியாவது அவனை மட்டும் ஒரு வயது ஏற்றிவிட வேண்டும்.

அதற்கு ஒரு சாவு வேண்டும். வகுப்பில் மிச்சமிருந்தது குராசோ ஒருவன்தான். இருபது வயதில் யோக்கோஹாமாவுக்குப் போய் லாரி ஓட்டியவன், அம்மாவின் சாவுக்கு வந்ததோடு சரி, அதற்குப் பிறகு ஊர்ப்பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. 'இந்நேரம் செத்திருப்பான். சாகாவிட்டாலும் அவனுக்கு என்ன நஷ்டம்?' என்று கினுயே அவனைக் கொன்றுவிடத் தீர்மானித்தாள்.

தோகுஜி பின்கட்டில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தான். கினுயே சூடான இரண்டு மோச்சி உருண்டையோடு பூனைபோல் வந்து, அவனுடைய இரண்டு காதிலும் சப்பென்று அப்பினாள். அவன் துள்ளிய துள்ளலில் அவரைக்காய் முற்றமெல்லாம் சிதறியது.

"யாரு? யாரு? சொல்லாத! சொல்லாத! ஐயோ, யாருன்னு சொல்லு!"

"சொல்லட்டா, வேண்டாமா? ஒண்ணச் சொல்லுடா."

"மந்திரத்தச் சொல்லு மொதல்ல!"

சொன்னாள். ஆற்றுக்குப் போய் எறிந்துவிட்டு, கழுத்து நரம்பு புடைக்க நேரே பார்த்துக்கொண்டு திரும்பி வந்தான். அதற்குப் பிறகுதான் குராசோ என்று சொன்னாள். போன் வந்தது என்றாள். தோகுஜி அழுதான். குராசோவும் அவனும் சேர்ந்து கோயில் பேரிக்காய் திருடியதைச் சொல்லிச் சொல்லி அழுதான். கினுயேவுக்கு ஒரு நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது. மோச்சியை அவன் முன்னால் வைத்தாள், அவன் கண்ணீரோடு சேர்த்துத் தின்றான்.

"உன்னுது?"

"பல்லு வலிக்குதுடா. கொஞ்சம் ஆறட்டும், அப்புறம் தின்னுக்கறேன்."

அவளுடைய பங்கு அன்று சாயங்காலமே காக்கைக்குப் போனது. தின்றாயிற்றா என்று இரண்டு தடவை கேட்டான். தின்றாயிற்று என்றாள். அன்றையிலிருந்து அவனுக்கு ஒரு வயது கூட, அவளுக்கு இல்லை. அவள் தேடினாலும் அவன் அகப்படமாட்டான். கினுயே அன்று நிம்மதியாக, வடக்கே தலைவைத்துத் தூங்கினாள்.

அதற்குப் பிறகு தோகுஜி போக்கு ஒரு மாதிரியாகவே இருந்தது. காலையில் எழுந்ததும் எங்கோ போய்விட்டு வருவான். எங்கே என்று கேட்டால் "நடக்கப் போனேன்" என்பான். இளமை திரும்புகிறது போலிருக்கிறது என்று கினுயே கிண்டல் செய்தாள். ஆகஸ்டு வந்தது, ஓபோன் வந்தது. செத்துப்போனவர்கள் வீடு திரும்பும் நாள். வெள்ளரிக்காய்க்கு நாலு குச்சி செருகிக் குதிரை செய்து வாசலில் வைத்தால், அவர்கள் அதில் ஏறி வேகமாக வருவார்கள். தோகுஜி இந்த வருஷம் மூன்று குதிரை செய்தான்.

"அப்பாவுக்கு ஒண்ணு, அம்மாவுக்கு ஒண்ணு. மூணாவது யாருக்குடா?"

"குராசோவுக்கு. அவனுக்கு இங்க யாரு இருக்கா? மொத ஓபோன். அனாதையாட்டம் நிக்கக்கூடாது."

கினுயேவுக்குச் சிரிப்பை அடக்கவே முடியவில்லை. தர்பூசணி நறுக்க வேண்டும் என்று சமையலறைக்கு ஓடினாள். தோகுஜி வாசலில் சணல்குச்சியைக் கொளுத்தி, செத்தவர்களுக்கு வழிகாட்டும் நெருப்பு போட்டுக்கொண்டிருந்தான். பொழுது சாய்கிற நேரம். அப்போது எதிரே புல்லுக்குள்ளிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒரு கிழவன் மேலே ஏறி வந்தான். இடுப்புக்குக் கீழே புல் மறைத்திருந்தது. பேய்க்குக் கால் கிடையாது என்பது யாருக்குத்தான் தெரியாது? கினுயே சமையலறைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். கையிலிருந்த கத்தி தர்பூசணிக்குள்ளேயே நின்றுவிட்டது. அது குராசோ. வயதாகி, வழுக்கை விழுந்து, ஆனால் அதே தூக்கலான பல்லோடு.

தோகுஜி ஓடுவான் என்று நினைத்தாள். ஓடவில்லை. இடுப்பை வளைத்துக் கும்பிட்டான்.

"வந்துட்டியா குராசோ. வா, வா. வழியில கஷ்டம் ஒண்ணும் இல்லையே?"

"அத ஏன் கேக்கற. கீழ பஸ்ஸ விட்டுட்டேன். நடந்துதான் ஏறினேன்."

"நடந்தா? உனக்குக் குதிரை வெச்சிருந்தேனே!"

"குதிரையா? எங்கடா?"

"அதோ, அந்தக் கடைசி."

குராசோ வெள்ளரிக்காயைப் பார்த்தான். தோகுஜியைப் பார்த்தான். வயதானால் யாருக்கும் வரக்கூடியதுதான் என்று பெரிய மனது பண்ணி, "நல்ல குதிரை" என்றான்.

தோகுஜி திரும்பிப் பார்க்கப் பயந்து முன்னால் நடக்க, குராசோ உள்ளே வந்து மண்டியிட்டு உட்கார்ந்தான், காலை மடித்து அதன்மேல். கால் இன்னும் தோகுஜியின் கண்ணில் படவில்லை. அப்பா அம்மா கல்லறையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்ததாகச் சொன்னான். "பாக்கணும், பாக்கணும். அவங்களும் உன்ன எதிர்பார்த்துட்டுத்தான் இருப்பாங்க" என்றான் தோகுஜி. கினுயே வெளியே வரவும் முடியாமல், ஓடவும் முடியாமல் கதவுக்குப் பின்னால் நின்றாள். வாழ்நாளில் எத்தனையோ பேரை ஏமாற்றியிருக்கிறாள், இப்படிக் கையும் களவுமாக மாட்டியதில்லை.

தோகுஜி ஒரு கிண்ணம் நிறையச் சோற்றைக் குவித்து, நடுவில் இரண்டு சாப்பாட்டுக் குச்சிகளை நேராகக் குத்தி, குராசோவின் முன்னால் பயபக்தியோடு வைத்தான்.

"டேய்! என்னடா இது? சாவுச்சோறு!"

"குராசோ…" தோகுஜியின் குரல் குழைந்தது. "உனக்கு யாரும் சொல்லலையா?"

"என்ன சொல்லல?"

"மனசத் தேத்திக்க. நீ செத்துட்ட."

குராசோ வாய்விட்டுச் சிரித்தான். "எப்பவாம்?"

"மழக்காலத்துல."

"எப்படிச் செத்தேன்?"

"அது தெரியல. கினுயே கேக்க மறந்துட்டா."

"எனக்கு அப்பவே ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு" என்று குராசோ தலையை ஆட்டினான். அவனும் அந்த வகுப்பில் படித்தவன்தானே, குறும்புக்குக் குறைச்சலா? ஆனால் அடுத்து நடந்ததில் அவன் சிரிப்பு நின்றுவிட்டது. தோகுஜி நெற்றி பாயில் படும்படி குனிந்து விழுந்தான்.

"குராசோ, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். கினுயேவ இழுத்துடாத."

"என்னடா சொல்ற?"

"அவ மோச்சி தின்னல. தின்னேன்னு சொன்னா, ஆனா கொட்டாய் மேல காக்கா கொத்தறத நானே பாத்தேன். அவ திமிரு உனக்குத் தெரியாதா? நம்ம வயசுலயே நிக்கறா. நீ இழுத்தா வந்துருவா. தெனமும் காலையில ஜிஸோ சாமிகிட்ட போய் உனக்காக விளக்கேத்திட்டு வரேன். நீ மனசு குளுந்து போகணும்னுதான். துணைக்கு ஆள் வேணும்னா என்னைக் கூட்டிட்டுப் போ. எனக்கு ஒரு வயசு கூடிருச்சு, பரவால்ல, நான் தின்னத இல்லேன்னு வெச்சுக்கறேன். அவள விட்டுரு."

கினுயே கதவோடு காதை ஒட்டவைத்துக் கேட்டாள். சவ வண்டியைப் பார்த்தால் விரலை ஒளிக்கிற பயல், எதிரே பிணம் உட்கார்ந்திருக்கிறது என்று நம்பிக்கொண்டே இப்படிப் பேசுகிறான். தர்பூசணிச் சாறு அவள் கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

குராசோவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. "எழுந்திருடா, எழுந்திரு" என்று அவனைத் தூக்கப் போனான். மடித்திருந்த கால் மரத்துப்போய், வலி தாங்காமல் முன்னால் நீண்டுவிட்டது. கிழிந்த காலுறை, அதிலிருந்து கட்டைவிரல் வெளியே எட்டிப்பார்த்தது. தோகுஜியின் மூக்குக்கு நேராக.

தோகுஜி அந்த விரலையே பார்த்தான். மெல்லக் கையை நீட்டித் தொட்டான். சூடாக இருந்தது. நன்றாகக் கிள்ளினான்.

"ஆ! ஏன்டா கிள்ளற!"

"நீ சாகல."

"அதத்தான் வந்ததுலேர்ந்து சொல்லணும்னு பாக்கறேன்!"

தோகுஜி எழுந்தான். சமையலறைக் கதவைத் திறந்தான். கினுயே திட்டு வாங்கத் தயாராக நின்றாள். அவன் திட்டினால் பதிலுக்கு நாலு சொல்லலாம், பிறகு எல்லாம் பழையபடி ஆகிவிடும். அவன் திட்டவில்லை. மரமில்லில் பலகையை அளப்பதுபோல் அவளை மேலிருந்து கீழாகப் பார்த்தான்.

"குராசோ சாகல" என்றான்.

"வெளையாட்டுக்குத்தான்…"

"எனக்கு மட்டும் வயச ஏத்திவிட்ட. நீ தின்னல." அவன் குரல் தாழ்ந்துவிட்டது. "அப்போ சாகப்போறது யாரு கினுயே?"

அவளால் பொய் சொல்ல முடியவில்லை. அந்த வாய்க்கு அப்படி ஒரு நாளும் ஆனதில்லை. தர்பூசணியைத் துண்டு போட்டுக்கொண்டே, சாணைக்கல் வாங்கப் போன கதையை உள்ளபடி சொன்னாள். தோகுஜி கேட்டுவிட்டு வெளியே போய்விட்டான். குராசோவுக்கு அவள்தான் படுக்கை போட்டுக் கொடுத்தாள். "என்னைக் கொன்னதுக்கு எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல" என்று மட்டும் அவன் சொன்னான்.

விடிந்ததும் கொல்லையில் தொம், தொம் என்று சத்தம் கேட்டது. ஆகஸ்டு மாதத்தில் மோச்சி இடித்தால் ஊர் என்ன நினைக்கும்? எதிர்வீட்டுக்காரி பதறியடித்துக்கொண்டு வேலிக்கு வந்து, "யாரு போயிட்டாங்க?" என்றாள். "யாரும் போகல, நீ போய் வேலையப் பாரு" என்று தோகுஜி உலக்கையை நிறுத்தாமல் சொன்னான். பிறகு ஒரே ஒரு மோச்சியைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு உள்ளே வந்து, கினுயேவுக்கு முன்னால் உட்கார்ந்தான். அவன் கண் வீங்கியிருந்தது.

"தின்னு."

"எதுக்கு?"

"என்ன மட்டும் மேல ஏத்தி உட்டுட்டு நீ கீழயே நிக்கறியா? நீயும் ஏறு."

"உனக்குக் கிறுக்கா? தின்னா மறுபடியும் ஒரே வயசு ஆயிடும்டா."

"ஆகட்டும்னுதான் இடிச்சேன்."

"வேண்டாம்."

"ஏன்? வெறும் அரிசின்னு நீதானே சொல்லுவ. எமன் ஏமாறுவானான்னு சிரிப்பியே. சிரிச்சிட்டுத் தின்னு."

கினுயே மோச்சியைக் கையில் எடுத்தாள். இன்னும் சூடு இருந்தது. எத்தனை தின்றிருக்கிறாள்! வெறும் அரிசிதான், வேறொன்றும் இல்லை, அது அவளுக்குத் தெரியும். ஆனால் கை வாய்க்குப் போகவில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேல் இந்த ஆளைப் பார்த்துச் சிரித்தாயிற்று, இப்போது அவனுடைய பயம் அப்படியே தன் வயிற்றுக்குள் வந்து உட்கார்ந்திருப்பது தெரிந்தது. வெட்கமாக இருந்தது. ஆத்திரமாகவும் இருந்தது.

"முடியாதுடா. இதத் தின்னுட்டு நான் போயிட்டேன்னா, உன்னையும் இழுத்துருவேன்."

சொல்லிவிட்ட பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. தோகுஜி அவளைப் பார்த்தான். அத்தனை வருஷச் சண்டையில் ஜெயித்துவிட்டான், ஆனால் அவன் முகத்தில் அந்தச் சந்தோஷம் துளியும் இல்லை.

"இழுக்கக்கூடாதுன்னா, போகாத."

"அது என் கையிலயா இருக்கு?"

"கத்தி டாக்டர் கையில. மூச்சு உன் கையில. நாலு நாள் வலிச்சா 'சரி, போதும்'னு விட்டுட்டுப் போயிடலாம்னு நெனச்சுட்டிருந்தியே, அது இனிமே நடக்காது. நீ விட்டா ரெண்டு உசுரு போகும். அத ஞாபகம் வெச்சுக்கிட்டுப் படு அந்தக் கட்டில்ல. என்னைக்குன்னு சொன்னாங்க?"

"இன்னும் நாள் குறிக்கல. வந்து கேக்கச் சொன்னாரு. நீ பஞ்சாங்கம் பாக்கணும்பியேன்னுதான்…"

"பஞ்சாங்கமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அவங்க எந்த நாள் சொன்னாலும் போறோம்."

வீட்டு வாசற்படியைக்கூட நாள் பார்த்துத் தாண்டுகிறவன் சொல்கிற பேச்சு அது. கினுயே மோச்சியை வாயில் போட்டாள். மென்றாள். தலையை ஆட்டினாள், ஆயிற்று என்பதுபோல.

"வாயத் தொற."

"தின்னாச்சுடா."

"தொற."

திறந்தாள். இடது கன்னத்துக்குள் மோச்சி அப்படியே ஒதுங்கியிருந்தது. தோகுஜி இடத்தைவிட்டு அசையவில்லை. அடுத்த அறையிலிருந்து குராசோ, "என்னடா காலங்காத்தால அமைதியா இருக்கீங்க? யாராவது செத்துட்டாங்களா?" என்று கத்தினான். கினுயே தோகுஜியின் கண்ணைப் பார்த்துக்கொண்டே மோச்சியை முன்னால் கொண்டுவந்து, நன்றாக மென்று, விழுங்கினாள். அது தொண்டையில் இறங்குவதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். இறங்கி முடிந்ததும், வாளி தூக்கிய அன்று மறைக்க முடியாத இரண்டு கட்டைவிரலையும் உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டான்.

"எனக்குப் பயமா இருக்குடி" என்றான்.

"எனக்கும்தான்டா" என்றாள் கினுயே.